"பர்ஜ்" என்கிற வினைச்சொல்

(ஒரு வாசகசாலையின் ஆண்டுக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



பெரிய விஷயம் ஏதாவது பேசுவேன் என்று எதிர்பார்த்து நீங்கள் வந்திருந்தால் ஏமாந்துதான் போவீர்கள். நான் இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதுவும் நம்முடைய சொல்லல்ல, இங்கிலீஷ்காரனுடைய சொல். நான் இங்கிலீஷில் பண்டிதனும் அல்ல. தமிழிலும் அல்ல என்பது உங்களுக்கே தெரியும். ஆனாலும் இதைப் பேசவேண்டிய அவசியம் காலையில்தான் ஏற்பட்டது.

காரியதரிசித் தோழர் இன்றைக்கு வரப்போகிற தீர்மானங்களை என்னிடம் காட்டினார். முதல் மூன்றும் வழக்கமானவை. நாலாவதில், சங்கத்தைச் சுத்தப்படுத்தும் பொருட்டு இரண்டு அங்கத்தினர்களை "பர்ஜ்" செய்வது என்று எழுதியிருந்தது. மற்றதெல்லாம் தமிழாயிருக்க இது ஒன்று மட்டும் ஏன் இங்கிலீஷ் என்று கேட்டேன். "அதில் ஒரு அழுத்தம் இருக்கிறது" என்றார். பக்கத்திலிருந்த பையன் ஒருவன் அலமாரியிலிருந்து அகராதியை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பேதியாகும்படி செய்தல் என்று போட்டிருக்கிறதே, அவர்கள் இரண்டு பேருக்கும் விளக்கெண்ணெய் கொடுக்கப் போகிறோமா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகு யோசித்துப் பார்த்தால், பையன் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. தப்பு தீர்மானத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

"பர்ஜ்" என்பது லத்தீன் பாஷையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன் இங்கிலீஷுக்குள் வந்த சொல். லத்தீனில் "பூருஸ்" என்றால் சுத்தம். "அகெரே" என்றால் ஓட்டுவது, செய்வது. இரண்டும் சேர்ந்து "பூர்காரே" ஆயிற்று. சுத்தமாக்குவது என்பதே அதன் பொருள். ஆனால் கழுவிச் சுத்தமாக்குவதற்கு இங்கிலீஷில் வேறு சொல் இருக்கிறது. துடைப்பதற்கும் பெருக்குவதற்கும் வேறு வேறு சொற்கள் உண்டு. உள்ளே இருக்கிறதை வெளியே தள்ளிச் சுத்தமாக்குவதற்குத்தான் "பர்ஜ்". ஆகையால் அது முதன்முதல் நன்றாக வேரூன்றினது வைத்தியனிடத்தில்.

நம்முடைய மரங்களுக்கே வெள்ளைக்காரன் இந்தச் சொல்லை வைத்துப் பேரிட்டிருக்கிறான். நேர்வாளத்துக்கு அவன் வைத்த பேர் "பர்ஜிங் குரோட்டன்". வேலி ஓரத்துக் காட்டாமணக்கு "பர்ஜிங் நட்". சரக்கொன்றையின் மஞ்சள் பூவைப் பார்த்து நாம் அழகு என்கிறோம். அவன் அதன் காயைப் பார்த்து "பர்ஜிங் காசியா" என்றான். மூன்றும் பேதிக்குப் போகும் என்பது உங்கள் பாட்டிக்கும் தெரியும்.

மேல்நாட்டு வைத்தியம் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு நம்பிக்கையின் மேல் நின்றது. உடம்பில் ரத்தம், கோழை, மஞ்சள் பித்தம், கறுப்புப் பித்தம் என்று நாலு நீர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மிஞ்சினால் நோய். மிஞ்சினதை வெளியே எடுத்துவிட்டால் சுகம். காலேன் என்கிற பழைய வைத்தியர் எழுதி வைத்ததை வேதமாகக் கொண்டார்கள். ஜுரமா, ரத்தத்தை எடு. தலைவலியா, பேதிக்குக் கொடு. அதற்கும் கேட்கவில்லையா, இன்னும் கொடு.

1793-ம் வருஷம் அமெரிக்காவில் பிலடெல்பியா பட்டணத்தில் மஞ்சள் காய்ச்சல் கண்டது. சுமார் 50 ஆயிரம் ஜனங்கள் இருந்த ஊர். சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 5 ஆயிரம் பேர் செத்துப் போனார்கள். அந்த ஊரில் பெஞ்சமின் ரஷ் என்று ஒரு டாக்டர் இருந்தார். சாதாரண ஆளல்ல. அமெரிக்க சுதந்தரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர், அடிமை வியாபாரத்தைக் கண்டித்து எழுதியவர். மற்ற வைத்தியர்கள் பலர் ஊரைவிட்டு ஓடினபோது அவர் ஓடாமல் நோயாளிகளிடத்திலேயே இருந்தார். அவருடைய நல்ல எண்ணத்தில் சந்தேகமில்லை. ஆனால் அவர் கொடுத்தது என்ன? கலோமல் என்கிற ரசக் கலப்பும் ஜாலப் என்கிற வேரின் தூளும். அதோடு ரத்தத்தையும் தாராளமாக எடுத்தார். ரசம் பல்லை ஆட்டும், ஈறைப் புண்ணாக்கும். ஏற்கெனவே ஜுரத்தில் வற்றிப்போன உடம்பிலிருந்து மேலும் தண்ணீரையும் ரத்தத்தையும் எடுத்தால் என்னவாகும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. பிழைத்தவனெல்லாம் பேதியால் பிழைத்தான், செத்தவன் போதுமான அளவு பேதியாகாமல் செத்தான் என்கிற கணக்குத்தான் அந்த வைத்தியத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. இந்த மாதிரிக் கணக்கை நாம் வேறெங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? பலித்தால் சாமி கொடுத்தது, பலிக்காவிட்டால் உன் பக்தி போதாது.

அந்தக் காய்ச்சல் கொசுவினால் பரவுகிறது என்பதை கியூபாவிலே 1881-ல் கார்லோஸ் பின்லே என்பவர் சொன்னார். 1900-ல் வால்டர் ரீட் குழுவினர் சோதித்து நிலைநாட்டினார்கள். மனிதன் குடலுக்குள்ளே அழுக்கைத் தேடி நூறு வருஷம் பேதியாக்கிக் கொண்டிருந்தார்கள். கொசு தண்ணீர்த் தொட்டியில் இருந்தது.

இனி இந்தச் சொல் கோர்ட்டுக்குள் போன கதையைச் சொல்லவேண்டும்.

பழைய இங்கிலாந்தில் ஒருவன் மேல் குற்றம் சாட்டினால் சாட்சி விசாரணை என்பது இன்றைக்கு நாம் நினைக்கிற மாதிரி கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவன் தன்னைச் "சுத்தப்படுத்திக்" காட்டவேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, அவன் சத்தியம் செய்ய, அவனோடு பன்னிரண்டு பேரோ அதற்குக் குறைய நிறையவோ வந்து "இவன் சத்தியம் சுத்தமானது" என்று தாங்களும் சத்தியம் செய்வது. நடந்ததைப் பார்த்ததாக அவர்கள் சொல்லவேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டுக்கு "காம்பர்கேஷன்" என்று பேர்; நம்முடைய "பர்ஜ்" அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதிலும் ஒரு வர்ணாச்சிரமம் பாருங்கள்: நார்மானியர் வருவதற்கு முந்தின சட்டத்தில், உயர்குடி நிலப்பிரபு ஒருவனுடைய சத்தியம் ஆறு குடியானவர்களுடைய சத்தியத்துக்குச் சமம்! கடன் வழக்குகளில் இதன் ஒரு மிச்சம் 1833 வரையில் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்து, அப்புறம்தான் எடுக்கப்பட்டது.

சத்தியம் செய்ய ஆள் கிடைக்காதவனுக்கு இரண்டாவது வழி. பாதிரி மந்திரம் சொல்லி, பழுக்கக் காய்ச்சின இரும்பைக் கையில் கொடுப்பார். அதைத் தூக்கிக்கொண்டு சில அடி நடக்க வேண்டும். கையைக் கட்டி மூன்று நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். புண் ஆறிவந்தால் சுத்தன், சீழ் பிடித்தால் குற்றவாளி. அல்லது கட்டித் தண்ணீரில் இறக்குவார்கள். முழுகினால் நிரபராதி, மிதந்தால் குற்றவாளி. திருச்சபைச் சட்டத்திலே இதற்குப் பேர் "பாமர சுத்தி". சத்தியம் செய்வதற்கு "திருச்சபை சுத்தி". ஏழைக்கு நெருப்பு, ஆள்கட்டு உள்ளவனுக்கு வாய்ச்சொல்! 1215-ல் லாத்தரன் சபை கூடி, பாதிரிகள் இந்த நெருப்புப் பரீட்சையில் கலந்துகொள்ளக்கூடாது என்று தடுத்தது. மந்திரம் சொல்ல ஆளில்லாமல் போனதும் பரீட்சையும் போயிற்று. இங்கிலாந்தில் 1219-ல் நின்றது. அதற்குப் பிறகுதான் ஊரார் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து குற்றம் உண்டா இல்லையா என்று சொல்லும் ஜூரி முறை கிரிமினல் வழக்குகளில் தலையெடுத்தது.

பாதிரிகள் மட்டும் தங்களுக்கென்று ஒரு சந்து வைத்துக்கொண்டார்கள். பாதிரி ஒருவன் திருடினாலும் கொன்றாலும் அரசன் கோர்ட் தூக்கில் போட முடியாது. பிஷப்பிடம் ஒப்படைக்க வேண்டும். பிஷப் முன்னிலையில் அவனும் அவன் கூட்டத்தாரும் சத்தியம் செய்தால் "பர்ஜ்" ஆகி வெளியே வந்துவிடலாம். பிற்காலத்தில் படிக்கத் தெரிந்த எவனும் பாதிரி மாதிரிதான் என்று ஆயிற்று. பைபிளில் ஒரு சங்கீதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். இங்கிலீஷ் பைபிளில் அது 51-ம் சங்கீதம். படித்துவிட்டால் கழுத்து தப்பும். வேடிக்கை என்னவென்றால், 1611-ம் வருஷத்து இங்கிலீஷ் பைபிளைப் பிரித்துப் பார்த்தால் அதே சங்கீதத்தில் கடவுளே என்னைச் சுத்தப்படுத்து என்று கேட்கிற இடத்தில் "பர்ஜ்" என்கிற சொல்தான் இருக்கிறது. கடவுள் சுத்தப்படுத்தினாரோ இல்லையோ, எழுத்துவாசனை சுத்தப்படுத்திற்று. எழுத்துத் தெரியாதவன் தூக்கில் தொங்கினான். பிஷப் முன்னிலைச் சத்தியத்தை 1576-ல் எடுத்தார்கள். மீதிச் சலுகை 1827-ல்தான் ஒழிந்தது.

செத்த பிறகும் இந்தச் சொல் விடவில்லை. சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் நடுவே ஆத்மாவைச் சுட்டுச் சுத்தப்படுத்துகிற ஓர் இடம் உண்டென்றார்கள். இங்கிலீஷில் "பர்கட்டரி", நம் கத்தோலிக்கர் பாஷையில் உத்தரிக்கிற ஸ்தலம். அங்கே இருக்கவேண்டிய காலத்தைப் பூசை செய்து குறைக்கலாம், பணம் கொடுத்துக் குறைக்கலாம் என்று வந்தது. ரோமாபுரியில் கோவில் கட்டுவதற்காக அந்தச் சீட்டுகளை விற்கப் போய்த்தான் 1517-ல் லூதர் கிளம்பினார். திதி கொடுத்துப் பழகின நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை, தாண்டிப் போகிறேன்.

இப்போது இலக்கணத்துக்கு வருகிறேன். தூங்காமல் கேளுங்கள், இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

தமிழில் "வீட்டைப் பெருக்கினான்" என்கிறோம். "குப்பையைப் பெருக்கினான்" என்றும் சொல்லுகிறோம். வினைச்சொல் ஒன்றேதான். ஆனால் முதலாவதில் வீடு மிச்சம் நிற்கிறது, இரண்டாவதில் குப்பை வெளியே போகிறது. "முகத்தைத் துடை", "வியர்வையைத் துடை" என்பதும் இப்படியே. இங்கிலீஷ் "பர்ஜு"க்கும் இந்த இரட்டை வழக்கு உண்டு. வயிற்றையும் "பர்ஜ்" செய்யலாம், வயிற்றிலிருக்கும் விஷத்தையும் "பர்ஜ்" செய்யலாம். வீடும் குப்பையும் இருக்கிறவரையில் கஷ்டமில்லை. மனிதனை அங்கே வைத்தால் என்ன ஆகிறது?

கோர்ட்டுப் பாஷையில் ஒரு மனிதன் தன்னை "பர்ஜ்" செய்துகொண்டான் என்றால் குற்றச்சாட்டு நீங்கி மனிதன் நின்றான் என்று அர்த்தம். இன்றைக்கும் நம் தேசத்துக் கோர்ட்டுகளிலே கோர்ட்டை அவமதித்தவன் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து மன்னிப்புக் கேட்டால், அவமதிப்பை அவன் "பர்ஜ்" செய்துகொண்டதாக ஜட்ஜ்மெண்டில் எழுதுவார்கள். அவன் வீட்டுக்குப் போகலாம். ஆனால் 20-ம் நூற்றாண்டுப் பத்திரிகை பாஷையில் ஒரு மனிதன் "பர்ஜ்" செய்யப்பட்டான் என்றால் அவனேதான் குப்பை. மற்றவர்கள் வீடு, அவன் குப்பை. அவன் செய்த காரியம் என்ன, யார் விசாரித்தார்கள், அவன் என்ன சமாதானம் சொன்னான் என்கிற கேள்விகளுக்கு அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது. பெருக்குமாறு குப்பையிடம் சமாதானம் கேட்குமா?

இங்கிலாந்தில் இதற்கு ஒரு பிள்ளையார் சுழி 1648 டிசம்பர் 6-ந் தேதி போடப்பட்டது. கர்னல் பிரைட் என்பவர் பட்டாளத்தோடு பார்லிமெண்டு வாசற்படியில் நின்றுகொண்டு, அரசனோடு சமாதானம் பேசவேண்டும் என்ற மெம்பர்களை உள்ளே விடாமல் தடுத்தார். 45 பேரைப் பிடித்து அடைத்தார்கள். அதைவிடப் பலமடங்கு பேர் வெளியே நிறுத்தப்பட்டார்கள். சரித்திரத்தில் அதற்கு "பிரைட் செய்த பர்ஜ்" என்று பேர். மிச்சம் நின்ற பார்லிமெண்டுக்கு ஜனங்கள் வைத்த பேர் "பின்புறம்". எட்டு வாரத்துக்குள், 1649 ஜனவரி 30-ந் தேதி, சார்லஸ் அரசன் தலை போயிற்று. அரசன் தலை போனதற்காக நான் அழப்போவதில்லை. ஆனால் வாசற்படியில் ஒரு கர்னல் நிற்கலாம் என்று ஆனபின், 1653-ல் அந்தப் "பின்புறத்தையும்" கிராம்வெல் சிப்பாய்களை வைத்தே விரட்டினார். மிச்சம் நின்றவர்கள் தங்களை வீடு என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ரஷ்யாவைப் பற்றிப் பேசாமல் போனால் நான் நாணயஸ்தனல்ல. கடவுளையும் புரோகிதனையும் பணக்காரனையும் ஒருசேரக் கேள்வி கேட்ட தேசம் என்று நம்மில் எத்தனை பேர் அதன் பேரைச் சொல்லி மார்தட்டியிருக்கிறோம்! அங்கே "சீஸ்ட்கா" என்று ஒரு சொல். சுத்தம் செய்வது என்றுதான் அதற்கும் அர்த்தம். இங்கிலீஷ்காரன் அதை "பர்ஜ்" என்று மொழிபெயர்த்தான். 1921-ல் அது அங்கத்தினர் சீட்டைத் திரும்ப வாங்குவது மட்டும்தான். லஞ்சக்காரன், குடிகாரன், பதவிக்காக வந்து ஒட்டிக்கொண்டவன் ஆகியவர்களை நீக்குவதென்று ஆரம்பித்தார்கள். யார் வேண்டாமென்பார்கள்? பதினைந்து வருஷத்தில் சீட்டுக்குப் பதிலாகத் துப்பாக்கிக் குண்டு வந்தது. 1934-ல் கூடின 17-வது கட்சிக் காங்கிரசுக்கு வந்த பிரதிநிதிகள் 1,966 பேர். அவர்களில் 1,108 பேர் பிறகு கைது செய்யப்பட்டார்கள். அங்கே தேர்ந்தெடுத்த மத்தியக் கமிட்டியில் 139 பேர். அவர்களில் 98 பேர் சுடப்பட்டார்கள். இது எதிரி சொன்ன கணக்கல்ல. 1956-ல் குருஷேவ் தன் கட்சிக்காரர்களிடம் சொன்ன கணக்கு. 1937 ஜூலை 30-ந் தேதி ஓர் உத்தரவு போட்டார்கள். எந்த ஜில்லாவில் எத்தனை ஆயிரம் பேரைச் சுடுவது, எத்தனை பேரை முகாமுக்கு அனுப்புவது என்று முன்கூட்டியே தொகை நிர்ணயித்து! குற்றவாளி யாரென்று தெரிவதற்கு முன்னே குற்றவாளிகளின் தொகை தெரிந்துவிட்டது. 1937, 1938 ஆகிய இரண்டே வருஷங்களில் சுடப்பட்டவர்கள் சர்க்கார் பதிவேட்டின்படியே 6,81,692 பேர். இந்தக் காரியத்தை நடத்தின போலீஸ் தலைவர் யகோதா 1938-ல் சுடப்பட்டார். அவருக்குப்பின் வந்த எழோவ் 1940-ல் சுடப்பட்டார். புகாரின் என்கிற பெரிய தலைவரை 1938-ல் சுட்டுவிட்டு, 50 வருஷம் கழித்து 1988-ல் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பெழுதினார்கள். அதற்குள் அவர் மனைவி சிறையிலும் முகாமிலும் நாடுகடத்தலிலுமாக ஏறக்குறைய 20 வருஷம் கழித்து வந்திருந்தார். கோவிலை மூடினார்கள், ஆனால் சபை நடுவே நின்று பாவத்தை ஒப்புக்கொள்ளச் செய்கிற பழக்கத்தை மூடவில்லை. சாமியை எடுத்துவிட்டு நெருப்புப் பரீட்சையை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

ஹிட்லரும் 1934 ஜூன் 30-ந் தேதி தன் கூட்டத்தாரையே கொன்றபோது இந்தச் சொல்தான் பத்திரிகைகளில் வந்தது. அவன் அதைப் பற்றிப் பேசினபோது புண்ணைச் சுட்டெடுக்கும் வைத்தியன் பாஷையில் பேசினான். அப்புறம் ஒரு ஊரில் யூதர் ஒருவரும் இல்லையென்றால் அந்த ஊர் "யூதச் சுத்தம்" ஆயிற்று என்று எழுதினார்கள். ஏறக்குறைய 60 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். 1990-களில் யுகோஸ்லாவியா உடைந்தபோது "இனச் சுத்தம்" என்ற சொல் உலகமெங்கும் பரவிற்று. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் மட்டும் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களையும் பையன்களையும் கொன்றார்கள். மனிதனைத் தொட்டால் தீட்டு, தொட்டதைக் கழுவு என்கிற பேச்சுக்குள் பிறந்து வளர்ந்த நமக்குத்தான் இந்தச் "சுத்தம்" என்ற சொல்லைக் கேட்டதும் காது விறைக்கவேண்டும்.

எங்கும் ரத்தம் என்று சொல்லவில்லை. சாதுவான இடமும் உண்டு. அமெரிக்காவில் ஓட்டர் ஜாபிதாவிலிருந்து செத்தவன், ஊரைவிட்டுப் போனவன் பேரை எடுப்பதற்கும் "பர்ஜ்" என்றே சொல்லுகிறார்கள். 1993-ல் அதற்கொரு சட்டமும் செய்தார்கள். ஒஹையோ மாகாணத்தில் இரண்டு வருஷம் ஓட்டுப் போடாதவனுக்கு ஒரு கார்டு வரும். அதற்குப் பதிலும் போடாமல், இன்னும் நாலு வருஷம் ஓட்டும் போடாவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள். இது சரியா என்று வழக்கு நடந்து, 2018-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து ஜட்ஜுகள் சரி என்றார்கள், நாலு ஜட்ஜுகள் தப்பு என்றார்கள். செத்தவன் பேரை எடுப்பதும் ஓட்டுப் போடாமல் சும்மா இருந்தவன் பேரை எடுப்பதும் ஒன்றா? இரண்டு காரியத்துக்கும் சொல் ஒன்றாயிருப்பதால் ஒன்றுபோலத் தோன்றுகிறது.

இதே சங்கதிதான் நம் நாலாவது தீர்மானத்திலும் இருக்கிறது. அதிலுள்ள இரண்டு பேரில் ஒருவர் தம் மகள் கலியாணத்தில் சம்பந்தி வீட்டார் நெருக்கினதற்கு இணங்கிப் புரோகிதனை உட்காரவைத்தவர். நம் விதிப்படி அது தப்புத்தான். அதற்கு என்ன தண்டனை என்றும் விதியில் எழுதியிருக்கிறது. மற்றவர் செய்தது என்ன? வாசகசாலைக்குப் புத்தகம் வாங்கின வகையில் 340 ரூபாய்க்கு ரசீது எங்கே என்று இரண்டு கூட்டத்தில் கேட்டவர். முதலாவது ஆள் விதியை மீறினார். இரண்டாவது ஆள் விதிப்படி கேட்டார். இருவரையும் ஒரே வாக்கியத்தில் போட்டு, ஒரே வினைச்சொல்லால் பெருக்கிவிட்டால் வித்தியாசம் எங்கே போயிற்று என்று பிறகு யாருக்கும் தெரியாது. காரியதரிசித் தோழர் "அழுத்தம்" என்று சொன்னது இதைத்தான் என்று நான் சொல்லவரவில்லை. அவர் பத்திரிகையில் கண்டதை எழுதினார். ஆனால் அந்தச் சொல் அந்த வேலையைத் தானாகவே செய்துவிடும்.

ஆகையால் நான் இரண்டு திருத்தம் கொண்டுவருகிறேன். "சுத்தப்படுத்தும் பொருட்டு" என்பதையும் "பர்ஜ்" என்பதையும் அடித்துவிட வேண்டும். நீக்குவதானால் நீக்குவது என்றே தமிழில் எழுதி, இன்ன ஆள், இன்ன காரணம், இன்ன விதி என்று தனித்தனித் தீர்மானமாகப் போடவேண்டும். அதற்கு முன் இருவரும் இந்த மேடையில் வந்து தங்கள் சமாதானத்தைச் சொல்லவேண்டும். அவர்கள் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். புத்தகக் கணக்கு நோட்டும் மேஜை மேலேயே இருக்கிறது. தலைவரவர்கள் அனுமதித்தால் என் மீதி நேரத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நான் உட்காருகிறேன்.